குறட்டை தொண்டையில்... குற்றவாளி மூக்கிலா?

"டாக்டர், இவரை ஏதாவது பண்ணுங்க. நான் நிம்மதியாத் தூங்கி ரெண்டு வருஷம் ஆச்சு!"

உட்கார்ந்ததும் உட்காராததுமாக அந்த அம்மா ஆரம்பித்தார். பக்கத்தில் கணவர். வயது நாற்பது இருக்கும். குண்டும் இல்லை, ஒல்லியும் இல்லை. அளவான உடம்பு.

"நான் குறட்டையே விடறதில்லை டாக்டர். இவ சும்மா பெரிசுபடுத்தறா" என்றார் அவர்.

அந்த அம்மா பதில் பேசவில்லை. கைப்பையிலிருந்து செல்போனை எடுத்து மேஜைமேல் வைத்து, ஒரு தட்டு தட்டினார். அறை முழுக்க ரைஸ் மில் ஓடுகிற மாதிரி சத்தம்! வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"இது... நானா?"

"பின்னே, பக்கத்து வீட்டுக்காரரா?"

குறட்டை விடுகிறவருக்குத் தான் குறட்டை விடுவது தெரியாது. அதனால்தான் வைத்தியத்துக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் மனைவியோ, கணவனோ, பிள்ளைகளோ பிடித்து இழுத்துக்கொண்டு வந்தவர்களாக இருக்கிறார்கள். வந்ததும் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி: "மூக்குல சதை வளர்ந்திருக்காம். ஆபரேஷன் பண்ணா குறட்டை நின்னுடுமா?"

'நின்றுவிடும்' என்றும் சொல்ல முடியாது. 'நிற்காது' என்றும் சொல்ல முடியாது. யாருக்கு நிற்கும், யாருக்கு நிற்காது, யாருக்குச் சத்தம் மட்டும் நின்று ஆபத்து அப்படியே இருக்கும்? இந்த மூன்றையும் பிரித்துத் தெரிந்துகொள்ளாமல் ஆபரேஷன் டேபிளில் ஏறக்கூடாது. அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

சத்தம் எங்கிருந்து வருகிறது?

நாதஸ்வரத்தின் சீவாளியைப் பார்த்திருக்கிறீர்களா? மெல்லிய நாணல் தட்டை. அதன் வழியாகக் காற்று பாயும்போது அது அதிர்கிறது, சத்தம் பிறக்கிறது. நம் வாயின் மேல்பகுதியில், பின்பக்கமாக, எலும்பில்லாத மெத்தென்ற ஒரு திரை இருக்கிறது. அதுதான் மெல்லண்ணம். அதன் நுனியில் தொங்குவது உள்நாக்கு. நாம் தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்துவிடும். காற்றுப் பாதை குறுகும். குறுகிய பாதையில் காற்று வேகமாகப் போகும்போது இந்தத் திரை சீவாளி மாதிரி படபடவென்று அதிர்கிறது. அதுதான் குறட்டை.

அப்படியானால் சத்தம் வருவது தொண்டையில். மூக்கை ஏன் குற்றம் சொல்ல வேண்டும்?

இதைப் புரிந்துகொள்ள ஒரு சின்ன வேலை செய்யுங்கள். இளநீர்க் கடையில் கொடுக்கிற காகித ஸ்ட்ராவை எடுத்து, நடுப்பகுதியை நன்றாக ஊற வையுங்கள். அதன் ஒரு முனையை விரலால் பாதி அடைத்துக்கொண்டு, மறுமுனையில் பலமாக உறிஞ்சுங்கள். நனைந்த இடம் உள்வாங்கி ஒட்டிக்கொள்ளும். அடைத்தது நுனியில், ஒட்டிக்கொண்டது நடுவில்!

மூக்கு அந்த நுனி. தொண்டை அந்த ஊறிய நடுப்பகுதி. மூக்கடைப்பு இருந்தால் நுரையீரல் காற்றை இன்னும் பலமாக இழுக்க வேண்டியிருக்கிறது. அந்த இழுப்பில் தளர்ந்த தொண்டை உள்வாங்குகிறது. மூச்சுக்காற்று சந்திக்கிற மொத்தத் தடையில் பாதிக்கு மேல் மூக்கிலேயே இருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

மூக்கு அடைத்தால் வாய் திறந்துகொள்கிறது. வாய் திறந்தால் கீழ்த்தாடை இறங்கி, நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை மேலும் நெருக்குகிறது. காலையில் எழுந்தால் நாக்கு வறண்டு ஒட்டிக்கொள்வதும், தொண்டை கரகரப்பதும் இதனால்தான்.

மூக்கை அடைப்பது எது?

'சதை வளர்ந்திருக்கு' என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் அடைப்புக்கான காரணங்கள் பல. காரணத்துக்குத் தகுந்தபடிதான் வைத்தியம்.

முதலாவது, நடுத்தண்டு வளைவு. மூக்கை இரண்டாகப் பிரிக்கிற சுவர் இது. முன்பக்கம் குருத்தெலும்பு, பின்பக்கம் எலும்பு. இது நூல் பிடித்தாற்போல நேராக இருப்பவர்கள் குறைவு. பெரும்பாலோருக்குக் கொஞ்சமாவது வளைந்துதான் இருக்கும். பிறக்கும்போதே வளைந்திருக்கலாம், வளரும்போது வளையலாம், சின்ன வயதில் விழுந்ததிலோ பந்து பட்டதிலோ வளையலாம். ஆகவே ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'தண்டு வளைவு' என்று எழுதியிருப்பதைப் பார்த்து அலற வேண்டாம். வளைவு அடைப்பை உண்டாக்குகிறதா என்பதுதான் கேள்வி.

இரண்டாவது, மூக்கின் பக்கச் சுவர்களில் இருக்கிற டர்பினேட் என்கிற மடல்கள். இவை வேண்டாத சதை அல்ல. உள்ளே போகிற காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கி, தூசியை வடிகட்டி அனுப்புவது இவைதான். அலர்ஜி உள்ளவர்களுக்கு இவை வீங்கி வழியை மறிக்கின்றன. நம்மூரில் 'சதை வளர்ச்சி' என்று சொல்லப்படுவதில் நிறைய இந்த வீக்கம்தான்.

மூன்றாவது, பாலிப். இதுதான் நிஜமான சதை வளர்ச்சி. உரித்த திராட்சை மாதிரி பளபளவென்று தொங்கும். நாள்பட்ட சைனஸ் அழற்சியில் வரும். வாசனையே தெரியாமல் போவது இதன் முக்கிய அடையாளம்.

நான்காவது, அடினாய்டு. குழந்தைகளுக்கு மூக்கின் பின்புறம், மெல்லண்ணத்துக்கு மேலே இருக்கும் நிணநீர்த் திசு. மூன்றிலிருந்து ஏழு வயதுக்குள் பெரிதாக இருக்கும். பதின்வயதில் பெரும்பாலும் சுருங்கிவிடும்.

ஐந்தாவது, மூக்கின் வால்வு. மூக்குத் துவாரத்துக்குச் சற்று உள்ளே இருக்கிற, மூக்கிலேயே மிகக் குறுகலான இடம். பக்கச் சுவர் பலவீனமாக இருந்தால் மூச்சை இழுக்கும்போது அங்கே ஒட்டிக்கொள்ளும்.

வீட்டிலேயே பார்க்கலாம்

ஒரு பக்க மூக்கை லேசாக அடைத்துக்கொண்டு, வாயை மூடி, மறு பக்கம் மூச்சு விடுங்கள். பிறகு மாற்றிச் செய்யுங்கள். ஒரு பக்கம் கொஞ்சம் அடைப்பாக இருந்தால் உடனே பயப்பட வேண்டாம். சில மணி நேரத்துக்கு ஒருமுறை இரண்டு துவாரங்களும் முறை மாற்றி ஓய்வெடுப்பது இயற்கை. காலை, மதியம், இரவு என்று நாலைந்து நாள் பாருங்கள். எப்போது பார்த்தாலும் அதே பக்கம்தான் அடைப்பு என்றால் தண்டு வளைவாக இருக்கலாம். பக்கம் மாறி மாறி அடைத்தால், கூடவே தும்மல், அரிப்பு, நீர் ஒழுகல் இருந்தால் அலர்ஜியாக இருக்கலாம்.

அடுத்து, மூக்குக்குப் பக்கத்தில் கன்னத்தில் விரலை வைத்து, வெளிப்பக்கமாக மெல்ல இழுத்தபடி மூச்சு வாங்குங்கள். 'அட, சட்டுன்னு திறந்துடுச்சே' என்று தோன்றினால் வால்வுப் பகுதியில் நெருக்கம் இருக்கலாம்.

மூன்றாவது சோதனையை உங்களால் செய்ய முடியாது. பக்கத்தில் படுப்பவர்தான் செய்ய வேண்டும். குறட்டைச் சத்தத்தைக் கேட்பது பெரிசில்லை. சத்தம் இல்லாத நேரத்தைக் கவனிக்கச் சொல்லுங்கள். தொடர்ந்து ஒரே சீராகக் குறட்டை வருகிறதா? அல்லது சத்தம் ஏறி ஏறி, திடீரென்று நின்று, பத்து பதினைந்து விநாடி மூச்சுப்பேச்சே இல்லாமல் இருந்து, பிறகு 'ஹக்' என்று திணறி மறுபடி ஆரம்பிக்கிறதா? இரண்டாவது வகை என்றால் அது வெறும் குறட்டை இல்லை. தூக்கத்தில் மூச்சு நின்றுபோகிற ஸ்லீப் ஆப்னியாவாக இருக்கலாம். இது மிக முக்கியம். பின்னால் திரும்ப வருகிறேன்.

கத்திக்கு முன்னால் மருந்து

காது-மூக்கு-தொண்டை நிபுணர் விளக்கு வைத்து மூக்கைப் பார்ப்பார். பிறகு மெல்லிய எண்டோஸ்கோப்பை உள்ளே விட்டுப் பின்புறம் வரை பார்ப்பார். மரத்துப்போக மருந்து தருவதால் வலிக்காது. கொஞ்சம் குறுகுறுவென்று இருக்கும், அவ்வளவுதான். பாலிப், சைனஸ் சந்தேகம் இருந்தால் சி.டி. ஸ்கேன் தேவைப்படும். சாதாரணத் தண்டு வளைவுக்குப் பெரும்பாலும் ஸ்கேன் அவசியமில்லை.

மூக்கை மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிட மாட்டார். வாயைத் திறக்கச் சொல்லி டான்சில், நாக்கு, உள்நாக்கு, தாடை அமைப்பு எல்லாம் பார்ப்பார். கழுத்தை அளப்பார். ஆண்களுக்கு 17 அங்குலத்துக்கு மேல், பெண்களுக்கு 16 அங்குலத்துக்கு மேல் கழுத்துச் சுற்றளவு இருந்தால் ஆப்னியா சந்தேகம் கூடும். ஆனால், நம்மவர்களுக்கு உடம்பு அவ்வளவு பருமன் இல்லாமலேயே ஆப்னியா வருவதுண்டு. 'நான் ஒல்லிதானே' என்று அலட்சியம் வேண்டாம்.

பிறகு? பெரும்பாலானவர்களுக்கு முதலில் மருந்துதான். உப்புநீரால் மூக்கைக் கழுவுவது, டாக்டர் எழுதித்தரும் ஸ்டீராய்டு ஸ்ப்ரே, அலர்ஜிக்கு மாத்திரை. 'ஸ்டீராய்டா!' என்று பயப்பட வேண்டாம். இந்த ஸ்ப்ரே பெரும்பாலும் மூக்கிலேயே வேலை செய்வது. ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. ஆனால் இரண்டு நாளில் பலன் தெரியாது. சில வாரங்கள் விடாமல் போட வேண்டும். அதுவும் நடுத்தண்டைப் பார்த்து அடிக்காமல், வெளிப்பக்கச் சுவரைப் பார்த்து அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் ரத்தம் கசியும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கடையில் வாங்கிப் போட்டதும் ஐந்து நிமிடத்தில் மூக்கைத் திறந்துவிடுகிற சொட்டு மருந்து இருக்கிறதே, அதை நாலைந்து நாளுக்கு மேல் போடாதீர்கள். போடப் போட, மருந்து விட்டதும் முன்பைவிட அதிகமாக அடைக்கும். மறுபடி சொட்டு, மறுபடி அடைப்பு. இப்படி வருஷக்கணக்கில் பாட்டிலைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறவர்கள் இருக்கிறார்கள். இவர்களுக்கு முதல் வைத்தியமே அந்தப் பாட்டிலை நிறுத்துவதுதான்.

அதே சொட்டு மருந்தை டாக்டர் ஒரு சோதனையாகவும் பயன்படுத்துவார். இரண்டு மூன்று இரவு மட்டும் தூங்கும் முன் போடச் சொல்வார். மூக்கு திறந்த அந்த இரவுகளில் குறட்டை குறைந்ததா என்று வீட்டில் கேட்பார். குறைந்தால் மூக்குக்கு இதில் பங்கு உண்டு. மூக்கு நன்றாகத் திறந்தும் குறட்டை அப்படியே இருந்தால், குற்றவாளி வேறெங்கோ இருக்கிறான்! ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்கள் இந்தச் சோதனையைத் தாங்களாகச் செய்யக்கூடாது.

ஆபரேஷன் என்ன செய்கிறது?

மருந்துக்குக் கட்டுப்படாத அடைப்பு, அதற்கு உருப்படியாக ஒரு காரணம் மூக்கில் தெரிகிறது என்றால்தான் ஆபரேஷன்.

தண்டு வளைவுக்குச் செய்வது செப்டோபிளாஸ்டி. அந்தக் காலத்தில், 1900-களின் தொடக்கத்தில், அமெரிக்காவில் ஃப்ரீயரும் ஜெர்மனியில் கில்லியனும் தோலுக்கு அடியில் இருக்கும் வளைந்த குருத்தெலும்பைப் பெருமளவு வெட்டி எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். அடைப்பு போகும், ஆனால் தாங்கு இல்லாமல் சிலருக்கு மூக்குத் தண்டு உட்கார்ந்துவிடும். இப்போது அப்படி இல்லை. வளைந்த பகுதியை மட்டும் சரிசெய்து, முடிந்தவரை குருத்தெலும்பைக் காப்பாற்றி நேராக நிறுத்துகிறார்கள். வெட்டுவது மூக்குக்கு உள்ளேயே. வெளியே தழும்பு கிடையாது. மூக்கின் வடிவமும் மாறாது. பெரும்பாலும் முழு மயக்கத்தில், முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும்.

பலன் உண்டா? தண்டு வளைந்த 378 பேரிடம் பிரிட்டனில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வு ஒன்று இருக்கிறது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, ஸ்ப்ரேயை மட்டும் நம்பியவர்களைவிட ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கே அடைப்புத் தொல்லை நன்றாகக் குறைந்திருந்தது.

டர்பினேட் வீக்கத்துக்கு அந்த மடலைச் சிறிதாக்குவார்கள். ரேடியோ அலை வெப்பம் கொடுத்துச் சுருக்கலாம். உள்திசுவை மட்டும் எடுக்கலாம். மேல்தோலைக் கெடுக்காமல் செய்வதுதான் நல்லது. 'முழுசா எடுத்துடுங்க டாக்டர், மறுபடி வரவே கூடாது' என்று சிலர் கேட்பார்கள். கூடாது! மடலை மொத்தமாக எடுத்துவிட்டால் மூக்கு வறண்டு, பொருக்குத் தட்டும். சிலருக்கு உள்ளே விசாலமாக வழி இருந்தும் மூச்சே போகாத மாதிரி ஒரு தவிப்பு வந்துவிடும். அடைப்பைவிட அது பெரிய கொடுமை.

பாலிப்புக்கு எண்டோஸ்கோப் வழியாக சைனஸ் ஆபரேஷன். பாலிப்பை எடுத்து, சைனஸ் வாசல்களையும் திறந்துவிடுவார்கள். ஆனால் பாலிப் திரும்ப வரும் குணம் உள்ளது. ஆபரேஷனுக்குப் பிறகும் ஸ்ப்ரே, மூக்குக் கழுவல், ஃபாலோ-அப் எல்லாம் தொடர வேண்டும். 'ஆபரேஷன் பண்ணியும் மறுபடி வந்துடுச்சே' என்று புலம்புகிறவர்களில் பலர் மருந்தை நிறுத்தியவர்கள்தான்.

குழந்தை குறட்டை விட்டால்...

'அசந்து தூங்கறான் பாரு, குறட்டை விட்டு' என்று ரசிக்காதீர்கள். சளி பிடித்தபோது நாலு நாள் விட்டால் பரவாயில்லை. தினமும் விட்டால் காட்ட வேண்டும். வாயைத் திறந்தபடியே இருப்பது, தூக்கத்தில் புரண்டு புரண்டு வியர்ப்பது, கூப்பிட்டால் காது கேட்காதது போல இருப்பது, படுக்கையில் சிறுநீர் போவது, வகுப்பில் கவனம் இல்லாமல் துருதுருவென்று அலைவது... இவையெல்லாம் அடினாய்டு, டான்சில் பெரிதாக இருப்பதன் அடையாளமாக இருக்கலாம். அடினாய்டு காதுக்குப் போகிற குழாயின் வாசல் பக்கமே இருப்பதால் காதில் நீர் கோத்துக்கொள்ளும்.

குழந்தைகளுக்கு அடினாய்டையும் டான்சிலையும் எடுப்பது நல்ல பலன் தருகிறது. ஆப்னியா உள்ள, 5 முதல் 9 வயது வரையிலான 464 குழந்தைகளிடம் அமெரிக்காவில் நடந்து 2013-ல் வெளியான ஆய்வில், ஏழு மாதத்தில் ஆபரேஷன் செய்துகொண்ட குழந்தைகளில் 79 சதவிகிதம் பேருக்குத் தூக்கப் பரிசோதனை சரியாகியிருந்தது. இதிலே இன்னொரு சேதியும் உண்டு. ஆபரேஷன் செய்யாமல் காத்திருந்த குழந்தைகளிலும் 46 சதவிகிதம் பேருக்குத் தானாகவே சரியாகியிருந்தது! ஆகவே தொல்லை லேசாக இருந்தால் அவசரமில்லை. டாக்டர் கண்காணிப்பில் சில மாதம் பார்க்கலாம். மூச்சுத் திணறல் பலமாக இருந்தால் தள்ளிப்போடக் கூடாது.

தண்டு வளைவு ஆபரேஷனைக் குழந்தைகளுக்குப் பொதுவாகச் செய்வதில்லை. மூக்கு வளர்ந்து முடியட்டும் என்று பதினாறு, பதினேழு வயது வரை காத்திருப்பார்கள். கர்ப்பிணிகளுக்கு வரும் மூக்கடைப்பும் அப்படியே. பெரும்பாலும் பிரசவத்துக்குப் பின் தானாகப் போய்விடும்.

ஆபரேஷன் நாளும் அடுத்த வாரமும்

ரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லுங்கள். இதயத்துக்காகச் சாப்பிடும் மாத்திரையை உங்கள் இஷ்டத்துக்கு நிறுத்திவிடாதீர்கள். மயக்க டாக்டரிடம், 'எனக்குக் குறட்டை உண்டு, தூக்கத்தில் மூச்சு நிற்கிறதாகச் சொல்கிறார்கள்' என்று வாய் திறந்து சொல்லுங்கள்.

ஆபரேஷன் முடிந்ததும் சிலருக்கு மூக்கில் பஞ்சு போன்ற அடைப்பான் வைப்பார்கள். ஒன்றிரண்டு நாளில் எடுத்துவிடுவார்கள். இப்போது பல இடங்களில் பஞ்சு இல்லாமல் உள்தையல் போட்டோ, சிலிக்கான் தகடு வைத்தோ அனுப்புகிறார்கள். அந்த ஒன்றிரண்டு இரவு வாயால்தான் மூச்சு. குறட்டை கூடத்தான் செய்யும். 'ஆபரேஷன் வேஸ்ட்' என்று அவசரப்பட வேண்டாம். முதல் பத்து நாள் வீக்கம், பொருக்கு, சளி அடைப்பு எல்லாம் இருக்கும். மூக்கு முழுசாக ஆறி, உண்மையான பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும்.

இரண்டு வாரம் மூக்கைச் சிந்தாதீர்கள். தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள். குடத்தைத் தூக்குவது, ஜிம், குனிந்து பாரம் இழுப்பது வேண்டாம். தலையணையை உயர்த்திப் படுங்கள். சொன்னபடி உப்புநீரில் கழுவுங்கள். மூக்குப்பொடி, சிகரெட் இரண்டையும் தொடவே கூடாது.

ஆபத்தே இல்லையா? சின்னச் சின்னதாக உண்டு. ரத்தக் கசிவு, தொற்று, உள்ளே இரு சுவர்கள் ஒட்டிக்கொள்வது, மேல் முன்பற்கள் சில வாரம் மரத்துப்போவது ஆகியவை வரலாம். அபூர்வமாக நடுத்தண்டில் ஓட்டை விழலாம். மூக்கின் வடிவம் மாறலாம். தண்டு மறுபடி வளையலாம். ஆபரேஷனுக்குப் பிறகு இரண்டு பக்கமும் திடீரென்று அடைத்து, வலியும் காய்ச்சலும் கூடினால் தண்டுக்குள் ரத்தம் கட்டியிருக்கலாம். நிற்காமல் ரத்தம் கொட்டினாலும் சரி, இதற்கும் சரி, விடியட்டும் என்று காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

சத்தம் போச்சு... ஆபத்து போச்சா?

இப்போது அந்த முக்கியமான விஷயத்துக்கு வருவோம்.

வேன் ஓட்டுகிற ஒருவர் வந்தார். ஐம்பதை நெருங்கும் வயது. பருத்த கழுத்து. சிக்னலில் வண்டி நிற்கிற நேரத்தில்கூடக் கண் சொக்குகிறது என்றார். மூக்கைப் பார்த்தால் தண்டு நன்றாக வளைந்திருக்கிறது. "இதை நேராக்கிடுங்க சார், சரியாயிடும்" என்றார்.

தூக்கப் பரிசோதனை செய்யச் சொன்னேன். ஒரு இரவு முழுவதும் மூச்சு, ஆக்சிஜன், இதயத்துடிப்பு எல்லாவற்றையும் கருவி பதிவு செய்யும். மணிக்கு எத்தனை முறை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது என்று கணக்குச் சொல்லும். பெரியவர்களுக்கு 5-க்குக் கீழே இருந்தால் பயமில்லை. 5 முதல் 15 வரை லேசானது. 15 முதல் 30 வரை நடுத்தரம். 30-க்கு மேல் தீவிரம். இவருக்கு 42!

மூக்கு ஆபரேஷன் நடந்தது. மூச்சு தாராளமாகப் போக ஆரம்பித்தது. இரண்டு மாதத்தில் குறட்டைச் சத்தம் பாதியாகக் குறைந்தது. மனைவிக்குப் பரம சந்தோஷம். அவரோ, வாங்கச் சொல்லியிருந்த மூச்சுக் கருவியை வாங்கவில்லை. "அதான் சத்தமே குறைஞ்சுடுச்சே சார்!" கட்டாயப்படுத்தி மறுபடி பரிசோதனை செய்தபோது எண் 38. சத்தம் குறைந்தது, மூச்சு நிற்பது அப்படியே இருந்தது.

இதில் ஆச்சரியம் இல்லை. தனியாக மூக்கை மட்டும் சரிசெய்தால் குறட்டை குறையும், தூக்கம் சுகப்படும், பகல் அசதியும் சிலருக்குக் குறையும். ஆனால் ஆப்னியா எண்ணிக்கை பெரும்பாலோருக்கு அதிகம் இறங்குவதில்லை. காரணம், அவர்களுக்குப் பாதை மூடிக்கொள்வது தொண்டையில், நாக்கின் பின்புறத்தில்.

குறட்டைச் சத்தம் ஒரு காவல் நாய் மாதிரி. அது குரைக்கிறது என்று அதன் வாயைக் கட்டிவிட்டால் திருடன் போய்விட்டான் என்று அர்த்தமா? ஆப்னியாவைக் கவனிக்காமல் விட்டால் ரத்த அழுத்தம் ஏறும். இதயத் துடிப்பு தாறுமாறாகும். பக்கவாத அபாயம் கூடும். வண்டி ஓட்டுகிறவர் கண் அயர்ந்தால், போவது அவர் உயிர் மட்டுமா?

அப்படியானால் அவருக்குச் செய்த மூக்கு ஆபரேஷன் வீணா? இல்லை. 1981-ல் ஆஸ்திரேலிய டாக்டர் காலின் சல்லிவன் உலகுக்கு அறிமுகப்படுத்திய சிபேப் என்கிற கருவிதான் தீவிர ஆப்னியாவுக்கு இன்றும் முதல் வைத்தியம். முகமூடி வழியாக மெல்லிய அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி, தொண்டை மூடிக்கொள்ளாமல் தாங்கிப் பிடிக்கும். மூக்கு அடைத்திருந்தால் அதைப் போட்டுக்கொண்டு தூங்கவே முடியாது, பிடுங்கி எறிந்துவிடுவார்கள். மூக்கு திறந்த பிறகு குறைந்த அழுத்தமே போதும், பழகுவதும் சுலபம். அவருக்குக் கடைசியில் அப்படித்தான் ஆயிற்று. கருவி போட்ட முதல் வாரம் கழித்து வந்து, "சார், காலையில எழுந்தா காலைன்னு தெரியுது" என்றார்.

முடிவு செய்யும் முன்...

உங்கள் டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்: என் மூக்கடைப்புக்குக் காரணம் எது? மருந்து போதுமான நாள் போட்டுப் பார்த்தாயிற்றா? எனக்கு ஆப்னியா இருக்கிறதா, பரிசோதனை வேண்டாமா? ஆபரேஷனில் சரியாகப்போவது அடைப்பா, குறட்டையா, இரண்டுமா? டர்பினேட்டை எவ்வளவு எடுக்கப் போகிறீர்கள்? இவற்றுக்குப் பொறுமையாகப் பதில் சொல்கிறவரிடம் தைரியமாகப் போங்கள். செலவுக்குப் பயந்து தள்ளிப்போட வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் காது-மூக்கு-தொண்டைப் பிரிவு இருக்கிறது; இந்த ஆபரேஷன்கள் அங்கே வழக்கமாக நடப்பவைதான்.

ஆபரேஷன் செய்துகொண்டாலும் சரி, கொள்ளாவிட்டாலும் சரி, எடையைக் குறையுங்கள். ராத்திரி மதுவும், டாக்டர் சொல்லாத தூக்க மாத்திரையும் தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தும், வேண்டாம். மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுங்கள்.

முதலில் வந்த அந்தத் தம்பதி என்ன ஆனார்கள் என்று கேட்கிறீர்களா? அவருக்குப் பள்ளிக்கூட நாளில் மூக்கில் கிரிக்கெட் பந்து பட்டிருக்கிறது. ஒரு பக்கம் முழு அடைப்பு. ஆறு வாரம் மருந்து போட்டும் பலனில்லை. சொட்டு மருந்து போட்ட மூன்று இரவும் குறட்டை நன்றாகக் குறைந்தது. தூக்கப் பரிசோதனையில் எண் 3, ஆப்னியா இல்லை. மூக்கு ஆபரேஷனுக்கு ஏற்ற ஆள். செய்தோம்.

மூன்று மாதம் கழித்து இருவரும் வந்தார்கள். "எப்படி இருக்கும்மா?" என்று கேட்டேன்.

"குறட்டை சுத்தமா நின்னுடுச்சுன்னு சொல்ல மாட்டேன் டாக்டர். மல்லாந்து படுத்தா லேசா வருது. கையால ஒரு தட்டு தட்டினா திரும்பிப் படுத்துக்கறார். நானும் தூங்கிடறேன்" என்றார் அந்த அம்மா.

கணவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "டாக்டர், இப்பதான் ஒரு விஷயம் தெரிஞ்சுது. இவளும் குறட்டை விடறா!"

அடுத்த டோக்கனை அந்த அம்மா பேருக்கே போட்டுக்கொண்டார்கள்.